காலை ஏழு மணி அளவு

மழைமானித் தண்ணீரைக்
கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்க்கிறேன்.
எழுபத்தாறு.
நேற்று நாற்பத்தொன்பது, முந்தாநாள் அறுபது.
ஆபீஸ் நோட்டில் ஏற்றுமுன்பே
தம்பிக்கு அனுப்பிவிடுகிற கிராணி நான்.

அவன் ஹொக்கைடோவில்
பனிச்சறுக்கு மலைக்குக் கயிறு கட்டுகிறவன்.
ரிங்லெட்டில் பிறந்தவனுக்குப் பனி என்றால்
விடியலில் தேயிலைமேல் கிடப்பது,
வெயில் வந்ததும் சொல்லாமல் போவது.
இப்போது அவனும் எண்களாய் அனுப்புகிறான்:
புதுப்பனி நாற்பது சென்டிமீட்டர்.
காற்று வடமேற்கு. அபாயம் மூன்று.
"சாப்ட்டியாக்கா" கடைசியில்தான்.

மேலே விழுந்ததுதானே சரிகிறது என்றேன் ஒருமுறை.
"இல்லக்கா, ஐஸ் கச்சாங்க நினைச்சுக்க.
அடியில பயறு உருளும்,
மேல நீ எவ்ளோ ஐஸ் அமுக்கினாலும்."
மேகமில்லாத ஒரு ராத்திரி போதுமாம்.
பனியின் தோலில் சீனி மாதிரிப் பூக்கும்.
பார்க்க அழகு.
அதன்மேல் அடுத்த பனி, அதற்கும் மேல் அடுத்தது.
சீனி உள்ளேயே கிடக்கும், கரையாமல்.
மூன்று வாரம் கழித்து எவனோ கால் வைப்பான்.

குழி தோண்டி, பனியில் ஒரு தூண் செதுக்கி,
தலையில் மண்வெட்டியை வைத்துத் தட்டுவானாம்.
மணிக்கட்டால் பத்து.
முழங்கை மடக்கிப் பத்து.
தோளிலிருந்து பத்து.
எத்தனையாவது தட்டில் தூண் நழுவுகிறதோ
அதுதான் அன்றைய சேதி.

எங்கள் மலையை அப்படித் தட்ட முடியாது.
உச்சியில் தக்காளிக் கூடாரங்கள்,
வெட்டிய செம்மண்ணுக்கு நீலத் தார்ப்பாய்,
கீழே பதினொரு வீட்டு லயம்.
வெடிப்பின் இரண்டு கரையிலும் ஆணியடித்து
நைலான் கயிறு ஒன்று கட்டி வைத்திருக்கிறேன்.
திங்கட்கிழமையிலிருந்து
புஷ்பராணி வீட்டுக் கதவு சாத்த வரவில்லை.
சரிவில் கசியும் தண்ணீர் தே தாரிக் நிறம்.

அன்று இரவு பத்தேகால். மழை விடவில்லை.
மேனேஜர் போன் எடுக்கவில்லை.
முதல் வீட்டை மணிக்கட்டால் தட்டினேன்,
விளக்கு எரிந்தது.
ஐந்தாவது வீட்டுக்கு முழங்கை தேவைப்பட்டது.
ஒன்பதாவது வீட்டில் தேவசகாயம் குடித்துவிட்டுத் தூங்கினான்,
தோளால் மோதினேன்.
எண்ணவில்லை. பத்துக்கு மேல் இருக்கும்.

பள்ளி மண்டபத்தில் ஐம்பத்து மூன்று பேர்,
டிவியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஒருத்தி,
கூடாரத்தில் வேலை செய்யும் ஷஃபிகுல்
யாருடைய குழந்தையையோ மடியில் வைத்தபடி.

விடிந்தது.
மலை இருந்த இடத்திலேயே இருந்தது.
அதைவிட மோசம், வெயில் அடித்தது.
"கிராணியம்மா கனவு கண்டுச்சி" என்றான் தேவசகாயம்,
தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நான்.
ஒரு நாள் சம்பளம், நனைந்த அரிசி, சளி பிடித்த பிள்ளைகள்:
எல்லாம் என் கணக்கில்.

தம்பியிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, அவன் மூடிய சரிவில்
போன வாரம் இரண்டு பேர் கயிற்றுக்கடியில் நுழைந்து
கீழே வரை சறுக்கிப் போய்
அவனைப் பார்த்துக் கையசைத்தார்களாம்.
"ஒண்ணும் ஆகலக்கா.
இனி அவனுங்களுக்கு அந்த மலையத் தெரியும்னு நினைப்பானுங்க.
மலை அன்னைக்குப் பதில் சொல்லல,
அவ்ளோதான்."

சாயங்காலமே எல்லாரும் வீடு திரும்பினார்கள்.
நான் வேண்டாம் என்றேன்,
இரண்டாவது முறை சொல்ல வாய் வரவில்லை.

இன்று காலை ஏழு மணி. மூன்று மில்லிமீட்டர்.
அனுப்பினேன்.
"கயிறு?" என்று மட்டும் கேட்டிருந்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் ஏறினேன்.
கீழே புஷ்பராணி
கதவின் அடியைச் சீவிக்கொண்டிருந்தாள்,
சாத்துவதற்காக.
ஒரு விரலால் கயிற்றைச் சுண்டினேன்.

நேற்றைவிட
அரைச் சுருதி
மேலே.